2021 ஜனவரி பொதுமுடக்கத்தில் வெளியே நடப்பது எப்படி: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் நாய் வளர்ப்பவர்களுக்கும்

2021 ஜனவரி 4 இரவு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் அறிவித்து, 6ஆம் தேதி முதல் சட்டமாக நடைமுறைக்கு வந்த மூன்றாவது கொரோனா பொதுமுடக்கத்தின்கீழ், இங்கிலாந்தில் வசிக்கும் எவரும் 'நியாயமான காரணம்' இல்லாமல் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றிருந்தது. அந்தக் காரணங்களுள் ஒன்று உடற்பயிற்சி. மருத்துவமனை வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடும்பத்துடன் சேர்வதற்காகவோ அந்தக் குளிர்காலத்தில் வந்து, ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் போன்ற இடங்களில் ஓர் அறையில் முடங்கிக் கிடந்தவர்கள் பலர். வெளியே நடந்துவர அனுமதி உண்டா, உண்டென்றால் எத்தனை முறை, யாருடன், எவ்வளவு தூரம் என்று தெரியாமல் அவர்கள் தவித்ததால் 2021 ஜனவரி மாத இறுதி நிலவரப்படி இந்தக் குறிப்புகளை எழுதினேன். கீழே வரும் அறிவுரைகள் அந்த மாதத்துக்கானவை; பொதுமுடக்க, தனிமைப்படுத்தல், முகக்கவச விதிகள் இன்று நடப்பில் இல்லை. இன்றைய விதிகளுக்கு அரசின் இணையதளத்தில் உள்ள வாசகத்தையே நம்புங்கள்.

வாட்ஸ்அப் வழியாக வந்த மூன்று செய்திகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குமேல் போகக்கூடாது என்பதும், வெளியே வரும் ஒவ்வொரு முறையும் படிவம் நிரப்பிக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் 2020இல் பிரான்சில் இருந்த விதிகள். பாரிஸில் இருக்கும் உறவினர்கள் உண்மையாகவே சொன்னவை இங்கே பரவிவிட்டன. ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதற்கும் இங்கிலாந்துச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. முதல் பொதுமுடக்கத்தின் தொடக்கத்தில், 2020 மார்ச் இறுதியில், அமைச்சர் மைக்கேல் கோவ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பெரும்பாலானோருக்கு ஒரு மணி நேரம் வரையிலான நடை போதும் என்ற பொருளில் தம் கருத்தைச் சொன்னார். அந்தக் கருத்துதான் நாளடைவில் பலருடைய மனத்தில் சட்டமாகிவிட்டது.

முதலில், நீங்கள் வெளியே வரலாமா?

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அப்போது வந்திறங்கியவர்கள், வந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து பத்து நாட்கள் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டியிருந்தது. புறப்படும் முன் எடுத்த பரிசோதனையில் தொற்றில்லை என்று வந்திருந்தாலும் இதில் மாற்றம் இருக்கவில்லை. அந்தப் பத்து நாட்களில் உடற்பயிற்சிக்காகக்கூட வெளியே வர அனுமதி இருக்கவில்லை. வீட்டோடு சேர்ந்த தோட்டமோ பால்கனியோ இருந்தால் அங்கே நடக்க முடிந்தது. பொதுப் பூங்காவுக்கும் தெருவுக்கும் போகத் தடை இருந்தது. நாயை நடத்திச் செல்லவும் நீங்கள் வெளியே வர முடியாது, நண்பரையோ உறவினரையோ கேட்டுக்கொள்ளுங்கள் என்று அரசின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொன்னது. மீறினால் அபராதம் 1,000 பவுண்டில் தொடங்கியது. ஐந்து முழு நாட்கள் கழிந்தபின் சொந்தச் செலவில் பரிசோதனை செய்து, தொற்றில்லை என்ற முடிவு கைக்கு வந்ததும் முன்னதாகவே வெளியே வரும் திட்டம் ஒன்று 2020 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருந்தது. பணம் செலவானாலும், ஒற்றை அறையில் தங்கியிருந்தவர்கள் அதைப் பரிசீலிக்க முடிந்தது.

தொற்று உறுதியானவர்கள், அறிகுறி தோன்றியவர்கள், அவர்களுடன் ஒரே வீட்டில் வசிப்பவர்கள், நெருங்கிய தொடர்பில் இருந்ததாகத் தேசியச் சுகாதாரச் சேவையிலிருந்து அழைப்பு வந்தவர்கள் ஆகியோருக்கும் இதே நிலைதான் இருந்தது. மறுபுறம், மருத்துவக் காரணங்களால் மிகுந்த ஆபத்துக்குரியவர்கள் என்று கடிதம் பெற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும் என்று பலர் தவறாக நினைத்தார்கள். வேலைக்கும் கடைக்கும் போக வேண்டாம் என்பதே அவர்களுக்கான அறிவுரையாக இருந்தது. கூட்டமில்லாத நேரத்தில் உடற்பயிற்சிக்காக வெளியே வருவதற்கு அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. வீட்டில் இருக்கும் வயதான பெற்றோருக்கு நீரிழிவு இருக்கிறது என்று மாதக்கணக்கில் வாசலைக்கூட மிதிக்கவிடாமல் வைத்திருந்த பிள்ளைகள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

சட்டம் ஒன்று, வழிகாட்டுதல் வேறொன்று

காவலர் அபராதம் விதித்தது சட்டவிதியை வைத்து. அமைச்சர்கள் மாலைச் செய்தியாளர் சந்திப்பில் பேசியது பெரும்பாலும் வழிகாட்டுதலை வைத்து. இந்த இரண்டும் பல இடங்களில் ஒன்றாக இருக்கவில்லை என்பதை அறிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டுமே உடற்பயிற்சிக்கு வெளியே வர வேண்டும், உங்கள் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற இரண்டும் வழிகாட்டுதலில் இருந்தவை. சட்டவிதியில் எண்ணிக்கையும் இருக்கவில்லை, தூரமும் இருக்கவில்லை. முதல் பொதுமுடக்கத்திலும் இதே கதைதான்: இங்கிலாந்துச் சட்டம் எண்ணிக்கை எதையும் குறிப்பிடாதபோது, வேல்ஸ் மட்டும் 'நாளொன்றுக்கு ஒருமுறை' என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஆகவே மாலையில் இரண்டாம் முறை தெருமுனைவரை நடந்துவந்தீர்கள் என்பதற்காக மட்டும் இங்கிலாந்தில் யாரும் உங்களுக்கு அபராதம் விதிக்க முடியாது என்ற நிலை இருந்தது. ஆனாலும் நாள்தோறும் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்த மாதத்தில், சட்டத்தில் இடமிருக்கிறது என்பதற்காக மூன்று முறை, நான்கு முறை என்று பூங்காவைச் சுற்றிவருவது முறையல்ல என்பதே என் கருத்து. வழிகாட்டுதலைப் பின்பற்றுங்கள், அதை மீற நேரும் தேவை வந்தால், எது சட்டம் என்பதை அறிந்து மீறுங்கள்.

வேலைக்கு நடந்து போவதும், கடைக்கு நடந்து போவதும், மருந்தகத்துக்குப் போவதும் தனித்தனிக் காரணங்களாக இருந்தன. அவை உங்கள் அன்றாட உடற்பயிற்சியின் கணக்கில் சேரவில்லை. இரவுப்பணி முடித்துத் திரும்பும் செவிலியர் பேருந்தில் ஏறாமல் இரண்டு நிறுத்தத் தூரத்தை நடந்தே கடந்தால், அதற்காகத் தனியாக அனுமதி தேட வேண்டியிருக்கவில்லை.

சட்டம் கண்டிப்பாக இருந்தது வேறோரிடத்தில். உடற்பயிற்சி மட்டுமே அப்போது காரணம், பொழுதுபோக்கு காரணமாக இருக்கவில்லை. டிசம்பர் வரை அனுமதிக்கப்பட்டிருந்த திறந்தவெளிப் பொழுதுபோக்கு, ஜனவரி 6 முதல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. நடையின் நடுவே மூச்சு வாங்கப் பெஞ்சில் சற்று உட்கார்வதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை; பிளாஸ்கில் தேநீரும் டப்பாவில் வடையும் கொண்டுபோய் நண்பருடன் அமர்ந்து அரட்டை அடித்தால் அது உடற்பயிற்சி ஆகவில்லை. உடற்பயிற்சிக்கூடங்கள், டென்னிஸ் மைதானங்கள், பூங்காவுக்குள் இருக்கும் திறந்தவெளிப் பயிற்சிக் கருவிகள் ஆகியவை மூடப்பட்டிருந்தன. குழந்தைகள் விளையாடும் ஊஞ்சலும் சறுக்குமரமும் முதல் பொதுமுடக்கத்தில் பூட்டப்பட்டிருந்தன, இம்முறை திறந்திருந்தன.

யாருடன் போகலாம்?

உங்கள் வீட்டாருடன் எத்தனை பேராக வேண்டுமானாலும் சேர்ந்து நடக்க முடிந்தது. தனியாக வாழ்பவர் வேறொரு குடும்பத்துடன் இணைந்து 'சப்போர்ட் பபிள்' அமைத்திருந்தால் அவர்களுடனும் நடக்க முடிந்தது. இவை தவிர, வெளி வீட்டைச் சேர்ந்த ஒருவரை, ஒரே ஒருவரை, பொது இடத்தில் சந்தித்து அவருடன் சேர்ந்து நடக்க முடிந்தது.

பெரும்பாலோர் தடுமாறியது இந்தக் கடைசி விதியில்தான். வெளியார் ஒருவர் சேரும்போது மொத்தம் இரண்டு பேர்தான் இருக்கலாம் என்றிருந்தது. கணவனும் மனைவியுமாக நடந்துகொண்டிருக்கையில் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டால் அந்த நொடியே அது விதிமீறலானது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதால், கைக்குழந்தை வைத்திருக்கும் இரண்டு தாய்மார் ஆளுக்கொரு தள்ளுவண்டியுடன் சேர்ந்து நடக்க முடிந்தது. தொடர் கவனிப்பு தேவைப்படும் மாற்றுத்திறனாளியுடன் வரும் பராமரிப்பாளர்களும் இருவர் வரை கணக்கில் சேரவில்லை. சமையலறையும் குளியலறையும் பொதுவாக இருக்கும் வீட்டில் அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள் பொதுவாக ஒரே வீட்டாராகவே கருதப்பட்டார்கள். முன்பின் பழக்கமில்லாத அறைத்தோழர்களோடு நடப்பதற்கு இருந்த சுதந்திரம், அடுத்த தெருவில் இருக்கும் சொந்த அக்காவின் குடும்பத்தோடு நடப்பதற்கு இருக்கவில்லை என்பது விசித்திரம்தான், ஆனால் விதி அப்படித்தான் இருந்தது. ஞாயிறு காலையில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வேகநடை போகும் நம்மவர் வழக்கம் அப்போது நிற்க வேண்டியிருந்தது. நண்பரின் காரில் ஒன்றாக ஏறிப் பூங்காவுக்குப் போவதற்கும் இடமிருக்கவில்லை. அவரவர் தனியே வந்து வாயிலில் சந்திக்க வேண்டியிருந்தது.

எங்கே, எவ்வளவு தூரம்?

'உங்கள் பகுதி' என்றால் நீங்கள் வாழும் கிராமம், சிறுநகரம் அல்லது பெருநகரத்தின் ஒரு பகுதி என்பதுதான் வழிகாட்டுதல் தந்த விளக்கம். திறந்தவெளி ஒன்றை அடையத் தேவைப்பட்டால் சிறிது தூரம் பயணம் செய்ய முடிந்தது. எத்தனை மைல் என்று எங்கும் எழுதப்படவில்லை. இந்தத் தெளிவின்மை என்ன செய்யும் என்பதை அந்த மாதமே நாடு கண்டது. டார்பிஷையரில் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவில் இருக்கும் ஃபோர்மார்க் நீர்த்தேக்கத்துக்குத் தனித்தனிக் கார்களில் வந்து, கையில் சூடான பானத்துடன் நடக்கவிருந்த இரு பெண்களுக்குக் காவலர்கள் ஆளுக்கு 200 பவுண்டு அபராதம் விதித்தார்கள். பானம் இருந்ததால் அது உல்லாசப் பயணம் என்றும் அவர்களிடம் சொல்லப்பட்டது. செய்தி வெளியானதும் எழுந்த எதிர்ப்பில் காவல்துறைத் தலைமை மறுஆய்வு செய்து, அபராதத்தை ரத்து செய்து மன்னிப்பும் கேட்டது. அதே வாரத்தில் பிரதமரே தம் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவிலிருந்து ஏழு மைல் தொலைவில் உள்ள ஒலிம்பிக் பூங்காவில் சைக்கிள் ஓட்டியது செய்தியானது. அது சட்டத்துக்கு எதிரானதல்ல என்று லண்டன் பெருநகரக் காவல்துறை ஆணையர் விளக்க வேண்டியிருந்தது.

வீட்டு வாசலிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள் என்பதே புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி. லண்டனில் அதற்கு வசதி குறைவில்லை. ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்களுக்கு சென்ட்ரல் பார்க் பக்கத்திலேயே இருக்கிறது; இன்னும் சற்று வடக்கே போனால் எப்பிங் காட்டின் தென்கோடியான வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் பரந்த புல்வெளியாக விரிகிறது. பெக்டனிலிருந்து ஹாக்னி விக் நோக்கி மேட்டின்மேல் போகும் கிரீன்வே என்ற நடைபாதை பலருக்குத் தெரிவதில்லை. விக்டோரியா காலத்தில் கட்டப்பட்ட பெரிய கழிவுநீர்க் குழாயின் முதுகில் அமைந்த பாதை என்பதால் சில நாட்களில் வாடை வரும். ஆனாலும் வாகனமே இல்லாத நேர்பாதை. இல்ஃபோர்டுக்கு வாலன்டைன்ஸ் பார்க், வெம்பிளிக்கு பார்ஹாம் பார்க், தெற்கே டூட்டிங் காமன். சனி, ஞாயிறு நண்பகலில் இவை எல்லாமே நெரிசலாக இருக்கும். 2020 ஏப்ரல் 4ஆம் தேதி பிராக்வெல் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடியதால் மறுநாள் அந்தப் பூங்காவையே நகராட்சி மூடிவிட்டது. விக்டோரியா பூங்காவும் மார்ச் இறுதியிலிருந்து இரண்டு வாரங்களுக்குமேல் மூடிக் கிடந்தது. கூட்டம் தெரிந்தால் பூங்காவை விட்டுவிட்டுக் குடியிருப்புத் தெருக்களில் நடங்கள்.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறாக இருந்தன. ஸ்காட்லாந்தில் உங்கள் உள்ளாட்சி எல்லையிலிருந்து ஐந்து மைலுக்குள் உடற்பயிற்சியைத் தொடங்க வேண்டியிருந்தது. வேல்ஸில் பொதுவாக வீட்டில் தொடங்கி வீட்டிலேயே முடிக்க வேண்டியிருந்தது. கிளாஸ்கோவில் இருக்கும் தோழி சொன்னதை லண்டனிலும் லண்டனில் படித்ததைக் கார்டிஃபிலும் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

குளிரும் வெளிச்சமும்

ஜனவரித் தொடக்கத்தில் லண்டனில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது, மாலை நான்கு மணியளவில் மறைந்துவிடுகிறது. மாத இறுதியில் ஐந்து மணிக்குச் சற்று முன்வரை வெளிச்சம் நீள்கிறது. நம் ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு நடந்து பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் இருட்டிலும் உறைபனியிலும் நடக்க வேண்டியிருக்கும். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே, மதிய உணவு இடைவேளையில் நடப்பதே நல்லது. ஒரே தடித்த கோட்டைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, மேலே நீர் புகாத சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் உடல் சூடாகும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வழவழப்பான அடிப்பாகம் உள்ள காலணி வேண்டவே வேண்டாம்: நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு இந்த மாதத்தில் அவசரப் பிரிவுக்குப் போவதைப்போன்ற தொல்லை வேறில்லை.

நடந்தாலும் இந்த மாதங்களில் இங்குள்ள வெயிலிலிருந்து உடலுக்குப் போதிய வைட்டமின் டி கிடைக்காது. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்குமாறு பொதுச் சுகாதாரத் துறை சொல்கிறது. கருமையான தோல் உடைய தெற்காசியர்கள் ஆண்டு முழுவதுமே எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் அறிவுரை. திறந்தவெளியில் முகக்கவசம் கட்டாயமாக இருக்கவில்லை, கடைக்குள்ளும் பேருந்திலும் ரயிலிலும் கட்டாயமாக இருந்தது. ஆகவே சட்டைப்பையில் ஒன்று வைத்திருக்க வேண்டியிருந்தது. குறுகிய நடைபாதையில் எதிரே ஆள் வந்தால் இரண்டு மீட்டர் இடைவெளிக்காக ஒருவர் ஒதுங்கி நிற்பதும், ஒதுங்கியவருக்கு மற்றவர் கையசைத்து நன்றி சொல்வதும் அப்போது இங்கே வழக்கமாகியிருந்தது. பின்னாலிருந்து ஓடிவருபவர்கள் இந்த நாகரிகத்தை அவ்வளவாகப் பின்பற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காவலர் நிறுத்தினால்

இங்கிலாந்தில் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை, படிவமும் இல்லை. அப்போதிருந்த குடியேற்ற அனுமதி அட்டையை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு நடக்க முடிந்தது. பேசுவது, விளக்குவது, வலியுறுத்துவது ஆகிய மூன்றும் பயன்படாதபோதுதான் அபராதம் என்பதே காவல்துறைக்குத் தரப்பட்டிருந்த நடைமுறை. எங்கே வசிக்கிறீர்கள், எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் பதற்றமில்லாமல் உண்மையைச் சொல்லுங்கள். இன்ன தெருவில் இருக்கிறேன், நடைக்காக வந்தேன், திரும்பிக்கொண்டிருக்கிறேன் என்பது போதும். கலைந்து போகச் சொன்னால் வாதிடாமல் போய்விடுங்கள். முதல் அபராதம் 200 பவுண்டாக இருந்தது, பதினான்கு நாட்களுக்குள் கட்டினால் 100. அடுத்தடுத்த மீறலுக்கு இரட்டிப்பாகி 6,400 பவுண்டு வரை போனது. அபராதத்தைக் கட்டுவது குற்றவியல் தண்டனை ஆகவில்லை. கட்டாமல் விட்டால் வழக்கு நீதிமன்றம் போகக்கூடும் என்பதால், தவறாக விதிக்கப்பட்டதாகக் கருதினால் அந்தக் காவல்துறைக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது.

நாயுடன் நடப்பவர்களுக்கு

நாயை நடத்திச் செல்வது உடற்பயிற்சியாகவே கொள்ளப்பட்டது. ஆனால் நாளுக்கு ஒருமுறை என்ற வழிகாட்டுதலை நாயின் சிறுநீர்ப்பை படித்திருக்க நியாயமில்லை. தோட்டமில்லாத அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் நாயுடன் இருப்பவர், காலையிலும் இரவிலும் அதைக் கீழே இறக்கியே ஆக வேண்டும். சட்டத்தில் எண்ணிக்கை இருக்கவில்லை என்று மேலே சொன்னது உண்மையில் உதவியது இவர்களுக்குத்தான். விலங்கின் தேவைகளைக் கவனிக்க வேண்டிய பொறுப்பை 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் வளர்ப்பவர்மீது சுமத்தியிருக்கிறது. நீண்ட நடையை ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரங்களில் வீட்டுக்கு முன்னால் உள்ள புல்தரைவரை ஐந்து நிமிடம் போய்த் திரும்புங்கள். குடும்பத்தில் மூன்று பேர் இருந்தால் நடையைப் பங்கிட்டுக்கொள்ளலாம், நாய்க்கு மூன்று நடை கிடைக்கும், ஆளுக்கு ஒன்றுதான் ஆகும்.

பொது இடத்தில் இருக்கும் நாயின் கழுத்துப்பட்டையில் வளர்ப்பவரின் பெயரும் முகவரியும் பொறித்திருக்க வேண்டும். இது 1992 முதல் இருக்கும் விதி. எட்டு வாரம் கடந்த எல்லா நாய்களுக்கும் மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். வீடு மாறியபின் மைக்ரோசிப் பதிவில் முகவரியை மாற்றாமல் விடுவது நம்மில் பலர் செய்வது. பொதுமுடக்கத்தில் நாய்க்குட்டிகளின் விலை ஏறியதோடு நாய்த் திருட்டு பற்றிய அச்சமும் கூடியது, ஆகவே அதை இன்றே சரிபாருங்கள். கடைக்கு வெளியே கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே போகாதீர்கள்.

நெரிசலான இடத்தில் நாய் வாரிலேயே இருக்கட்டும். வாரை அவிழ்த்துவிட்டால் நாய் அடுத்தவரிடம் ஓடும், அதை மீட்க நீங்கள் அவரருகே போக வேண்டிவரும், இரண்டு மீட்டர் இடைவெளி அங்கேயே கரைந்துவிடும். வழியில் போகிறவர் ஆசையாகத் தடவ வந்தாலும் பணிவாக மறுத்துவிடலாம். ரிச்மண்ட் பூங்காவில் மான்களிடமிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நகரத்துக்கு வெளியே ஆடுகள் மேயும் வயல் வழியாகப் போகும் பொதுப்பாதையில் வாரைக் கழற்றவே வேண்டாம்: ஆட்டைத் துரத்தும் நாயின் உரிமையாளர்மீது வழக்குத் தொடர 1953ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது, நிலைமை மிஞ்சினால் விவசாயி நாயைச் சுடவும்கூடும்.

கழிவைப் பையில் எடுத்துக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுவது பேச்சுக்கிடமற்ற கடமை. பெரும்பாலான நகராட்சிகளில் மீறினால் அங்கேயே 100 பவுண்டு வரை அபராதம். கட்டிய பையை மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போகும் விந்தைப் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை நாம் கற்றுக்கொள்ள வேண்டாம். உறைபனி நாட்களில் சாலையில் தூவும் உப்பு நாயின் பாதங்களை எரிக்கும், நக்கினால் வயிற்றையும் கெடுக்கும் என்பதால், வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் பாதங்களைக் கழுவித் துடைத்துவிடுங்கள். வாகனங்களில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் சிறிதளவே என்றாலும் நாய்க்குக் கொடிய நஞ்சு. நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடியில் தேங்கியதை முகரவிடாதீர்கள்.

தனிமை தாங்காமல் இப்போது நாய்க்குட்டி வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணிக்கு இடமிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய்க்குட்டியை இடைத்தரகர் விற்கக்கூடாது. நேரடியாக வளர்ப்பவரிடமிருந்தோ காப்பகத்திலிருந்தோதான் பெற வேண்டும், தாய் நாயுடன் குட்டியைப் பார்க்காமல் பணம் தரக்கூடாது. தடுப்பூசித் தவணை முடியும்வரை குட்டியைத் தெருவில் நடக்கவிடவும் முடியாது, கையில் தூக்கிக்கொண்டுதான் வெளியே காட்ட வேண்டும். அலுவலகம் திறந்தபின் பன்னிரண்டு மணி நேரப் பணிக்குத் திரும்பப்போகிறவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.

நாயைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு

நாய் வளர்ப்பவர்களைவிட நாய்க்கு அஞ்சுபவர்களே நம்மவர்களில் அதிகம் என்று நினைக்கிறேன். தெருநாய் கடித்தால் ஊசி என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பூங்காவில் அவிழ்த்துவிடப்பட்ட நாய் ஓடிவருவதைப் பார்த்ததும் நடையையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் வீட்டு நாய்களிடம் வெறிநோய் இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். நாய் நெருங்கினால் ஓடாதீர்கள், கையை உயர்த்தாதீர்கள், கத்தாதீர்கள். ஓடுவது அதற்கு விளையாட்டு அழைப்பு. அப்படியே நின்று, கைகளை மார்போடு மடித்துக்கொண்டு, பார்வையை வேறுபக்கம் திருப்புங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, வாரில் பிடியுங்கள் என்று உரிமையாளரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலோர் உடனே கூப்பிட்டுக்கொள்வார்கள். 'ஒன்றும் செய்யாது' என்று சிரித்தபடி வருபவரிடம் இடைவெளியைக் காரணம் காட்டலாம்; கொரோனாவின் அந்த ஓராண்டில் அந்தச் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை அச்சத்துக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

நீங்கள் படுத்துவிட்டால் நாயை யார் பார்ப்பது?

இதை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். தனிமைப்படுத்தல் உத்தரவு கைபேசியில் வந்த பிறகு ஆள் தேடத் தொடங்கினால் நாய் முதல் இரவே தவிக்கும். பக்கத்துவீட்டார், ஒரே தெருவில் இருக்கும் சக பணியாளர், கட்டணத்துக்கு நாயை நடத்திச் செல்பவர் என்று இரண்டு பேரையாவது பேசி வைத்திருங்கள். கட்டணத்துக்கு வருபவர்கள், வேலையை விட முடியாத முன்களப் பணியாளர்களுக்கும் வெளியே வர இயலாதவர்களுக்கும் அந்தப் பொதுமுடக்கத்திலும் சேவை செய்தார்கள். முதியவர்களின் நாய்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திச் செல்வதற்கென்றே சின்னமன் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு 1985 முதல் இயங்குகிறது. ஓய்வூதிய வயதில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அதன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்படைக்கும்போது வந்தவர் வீட்டுக்குள் வரக்கூடாது. நாயை வாசலுக்கு வெளியே கட்டிவிட்டு, நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியபின் அவர் அவிழ்த்துக்கொண்டு போகட்டும். முடிந்தால் அவரே தனியாக ஒரு வார் வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் வாரைச் சோப்புநீரில் துடைத்துக் கொடுங்கள். நாய்க்குக் கிருமிநாசினி தடவ வேண்டாம், அதன் தோலுக்கும் வயிற்றுக்கும் அது கேடு. நடைக்கு முன்னும் பின்னும் அவர் கைகழுவினால் போதும். ஒரு தாளில் நாயின் பெயர், அழைத்தால் அது திரும்பி வருமா, வேறு நாய்களைக் கண்டால் சீறுமா, எந்த மருந்து எப்போது, கால்நடை மருத்துவரின் எண், மைக்ரோசிப் எண், உங்கள் எண் ஆகியவற்றை எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்; அதையே படமெடுத்து அந்த இருவருக்கும் இன்றே அனுப்பிவிடுங்கள்.